மண்டோர் பொன்னுதுரை இறங்கிய கிணறு

1956. மலாயாவின் காஜா பேராங்கில் சாலை வேலைக்காரர்கள் குடியிருந்த வரிசை வீட்டு லயத்தில் பதினெட்டுக் குடும்பங்கள் இருந்தன. அவர்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் மண்டோர் பொன்னுதுரை. லயத்தில் கிறிஸ்தவ வீடு அவருடையது மட்டும்தான். எலி ஓடினாலும் திடுக்கிடுகிற மனிதர் என்று அவர் மனைவி விஜயா சொல்வாள்.

அந்த ஆண்டு வேலைநிறுத்தம் பதினோரு நாள் நடந்தது. பாதிப் பேர் அதில் சேராமல் வேலைக்குப் போனார்கள். எல்லாம் முடிந்த பிறகு, நிறுத்தத்தில் நின்றவர்களுக்கே பொன்னுதுரை யாரும் விரும்பாத தார் காய்ச்சும் வேலையைத் தொடர்ந்து கொடுத்தார். நிறுத்தக்காரர்கள்மேல் கோபமாக இருந்த மேலதிகாரியிடம் பயம். இரு பக்கத்துப் பகையும் அதில்தான் முற்றியது. ஒரு மாலை, நிறுத்தத்தில் நின்ற தம்பிராஜா, வேலைக்குப் போன கருணாகரனின் இடது கையில் பாராங் கத்தியால் வெட்டிவிட்டான். கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்கார அரசு அறிவித்த அவசரகாலம் அது, போலீசுக்குப் போக யாருக்கும் துணிச்சல் இல்லை. மறுநாள் பொதுக்கிணற்றில் நாய் ஒன்று செத்து மிதந்தது.

யார் போட்டதென்று தெரியவில்லை. எடுக்க யாரும் இறங்கவுமில்லை. மூன்று நாள் நாற்றம். பிள்ளைகளை வெளியே விடவில்லை. ஆண்கள் பாராங் இல்லாமல் வாசலைத் தாண்டவில்லை.

நான்காம் நாள் காலை பொன்னுதுரை சட்டையைக் கழற்றினார். விஜயா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க ஏங்க எறங்கணும்? எவனாவது கயித்த விட்டா என்ன ஆகும்?"

"ஏசு சாமி சீஷங்க காலக் கழுவுனாரு. நான் மண்டோருன்னு சும்மா நிக்கிறேன்," என்றார். 

கிணற்றடிக்குத் தம்பிராஜாவையும் கருணாகரனையும் அழைத்தார். இருவரும் தங்கள் பக்கத்து ஆட்களோடு வந்தார்கள்.

"தப்பு எங்கிட்டேருந்துதான் ஆரம்பிச்சது. பயந்துக்கிட்டு ஒரு பக்கமா சாஞ்சிட்டேன். மன்னிச்சிடுங்க. இப்ப நான் எறங்குறேன். நீங்க ரெண்டு பேரும் கயித்தப் புடிக்கணும்."

"நான் விட்டுட்டா?" என்றான் தம்பிராஜா.

"செத்துடுவேன் தம்பி. எனக்கு நீச்சல் தெரியாது."

சுவரெல்லாம் பாசி, கால் வழுக்கியது. பாதி தூரத்தில் மேலே வாக்குவாதம் கேட்டது. கயிறு சட்டென்று தளர்ந்தது. மார்புவரை தண்ணீரில் போனார். ஜெபம் வாயில் வரவில்லை, விஜயாவின் பெயர்தான் வந்தது. அப்போது கருணாகரனின் குரல்: "ஒத்தக் கையில முடியல. இழுத்துப் புடி, தம்பிராஜா."

கயிறு விறைத்தது.

நாயைச் சாக்கில் கட்டிக்கொண்டு மேலே வந்தவர் அங்கேயே வாந்தி எடுத்தார்.  தம்பிராஜா பாராங்கைக் கீழே வைத்துவிட்டு வாளியை எடுத்துக் கெட்ட தண்ணீரை இறைக்க ஆரம்பித்தான். சற்று நேரத்தில் இரு பக்கத்து ஆட்களும் சேர்ந்துகொண்டார்கள். மாலைக்குள் கிணறு காலியானது.

மறுவாரம் முதல் தார் வேலையை எல்லாரும் முறை வைத்துச் செய்தார்கள். முதல் முறை பொன்னுதுரையுடையது. கருணாகரனும் தம்பிராஜாவும் பல மாதம் முகம் பார்த்துப் பேசவில்லை, ஆனால் யாரும் யாரையும் வெட்டவில்லை. பொன்னுதுரைக்கு மட்டும் பயம் போகவில்லை. சாகும்வரை எந்தக் கிணற்றையும் அவர் எட்டிப் பார்த்ததில்லை.