துக்க வீட்டு ஸ்டார்

எங்கள் சபையில் ஒரு வழக்கம். குடும்பத்தில் யாராவது இறந்திருந்தால், அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்கு வாசலில் ஸ்டார் கட்டமாட்டார்கள். போன டிசம்பரில் என் பெரியப்பா ஒருவர் இறந்தார். அதற்கு முன் அவர் உயிரோடு இருந்ததே இல்லை என்பதுதான் ஒரே குறை.

அவரைக் கொல்ல நேர்ந்தது எங்கள் அண்ணனூர் தெருமுனையில் இருக்கும் ஒருவருக்காக. அம்பத்தூரில் ஒரு தகரக் கொட்டகையில் மூங்கில் குச்சியும் கலர் பேப்பரும் வைத்து ஸ்டார் செய்பவர். கூட நாலு பெண்கள். டிசம்பர் பிறந்ததும் அவரே ஏணியோடு வந்து கட்டிவிட்டுப் போவார். மலிவான வெளிநாட்டுச் சரக்கு நம் சிறுதொழில்களை எப்படி விழுங்குகிறது என்று நான் பத்திரிகையில் பொங்கி எழுதிய கட்டுரையை லேமினேட் செய்து கொட்டகையில் மாட்டியிருந்தார். உலகத்தில் அந்த ஒரு கொட்டகையில் மட்டும் நான் சிந்தனையாளன்.

இப்படியிருக்க, பூந்தமல்லியில் கன்டெய்னர் சாமான் விற்கும் கடையிலிருந்து மனைவி ஒரு சீன ஸ்டார் வாங்கிவந்தாள். குடை மாதிரி மடங்கியது, கலர் கலராக மின்னியது, பாட்டும் பாடியது. விலை நம்மவருடையதில் பாதிகூட இல்லை. "நல்லாத்தானே இருக்கு," என்றேன். சிந்தனையாளன் அவ்வளவு நேரம்தான் தாக்குப்பிடித்தான்.

மறுநாள் அவர் ஏணியோடு வந்தார். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. "இந்த வருஷம் கட்டலை. ஊர்ல பெரியப்பா தவறிட்டார்," என்றேன்.

"ஐயோ, இன்னா ஆச்சுண்ணே?"

"ஹார்ட்."

சத்தம் வரக் கூடாதென்று ஏணியைத் தரையில் படாமல் தூக்கிக்கொண்டு போனார்.

சீன ஸ்டாரைப் பின்பக்க பால்கனியில், மின்சார ரயில்கள் மட்டும் பார்க்கும்படி கட்டினேன். பெரியப்பா செத்ததை மனைவியிடம் சொல்ல மறந்துவிட்டேன். கேரல் குழு வரும் சாயங்காலம், வாசல் இருட்டாக இருக்கிறதே என்று அவள் அதை முன்பக்கம் மாற்றிவிட்டாள்.

தெருமுனையிலிருந்தே டிரம் சத்தம் கேட்டது. எங்கள் கேட்டுக்கு வந்ததும் நின்றது. "துக்க வீடு. மெதுவா பாடுவோம்," என்றார் குழுவை நடத்தும் பெரியவர். ஆறுதல் பாட்டு ஒன்றை அடக்கமாக ஆரம்பித்தார்கள். என் தலைக்கு மேல் ஸ்டார் மின்னிக்கொண்டு, அவர்களைவிட உரக்க, வேறொரு பாட்டைப் பாடியது. அதில் நிறுத்தும் பட்டன் எங்கே என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மரியாதை கருதி யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"பெரியப்பா பேர் சொல்லுங்க, ஜெபத்துல வெச்சுக்கறோம்," என்றார் பெரியவர்.

"எந்தப் பெரியப்பா?" என்றாள், பின்னால் நின்ற மனைவி.

அப்போது குழுவின் கிறிஸ்துமஸ் தாத்தா மட்டும் நிமிர்ந்து பார்த்தார். முகமூடி சிரித்துக்கொண்டே இருந்தது. மெதுவாகக் கழற்றினார். நம்ம ஸ்டார்காரர்.

"பெரியப்பாவுக்குப் பாட்டுன்னா உசுரு போல கீதுண்ணே," என்றார்.

டிரம் வைத்திருந்தவர் இருமினார். ஸ்டார்காரர் சிரிக்கவில்லை.

"எத்தினி ஊட்ல நம்ம ஸ்டார் கீதுன்னு பாத்துகினே வந்தேன். முக்காவாசி இத்தான் தொங்குது. தொழில வுட்றலாமான்னு ரோசனை. ஒங்க ஊட்டை மட்டும் நம்ம பக்கம் கணக்கு வெச்சிருந்தேன், சாவு ஊடாச்சேன்னு."

முகமூடியை மறுபடி மாட்டிக்கொண்டார். அடுத்த வீட்டு வாசலில் டிரம் முழங்கியது. அங்கே அவர் ஆடினார்.

இந்த வருஷம் கொட்டகையில் மூங்கில் இல்லை. என் கட்டுரை இருந்த சுவரை மறைத்துக் கூரைவரை சீன அட்டைப்பெட்டிகள். நாலு பெண்களில் ஒருவர் மட்டும் பேட்டரி போட்டுச் சோதிக்கிறார். மற்றவர்கள் எங்கே என்று கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை, கேட்கவில்லை.

டிசம்பர் பிறந்ததும் அவர் வந்தார், ஏணி இல்லாமல். சீன ஸ்டாருக்கு ஏணி வேண்டாம். பெட்டியை நீட்டினார்.

"பெரியப்பாவுக்கு வருசம் திரும்பிடிச்சில்லண்ணே, இனிமே கட்டலாம்."

வாங்கிக்கொண்டேன்.

"பாடாத மாடலும் கீது," என்றார். "ஒங்களுக்கு அதத்தான் எடுத்தாந்தேன்."