தவக்காலத்தில் நின்றுபோன மாத்திரை

மருந்துக்கடையில் மாத்திரை விற்பது சுலபம். வாங்கிப் போனவரை அதை விழுங்க வைப்பதுதான் பெரும்பாடு.

ஏற்காட்டில் ராத்திரி ஷிஃப்ட் பார்க்கும் நான் கல்லூரிப் பக்கம் போனதில்லை. தூக்கம் பிடிக்காத ஆள். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாள்களைப் படித்துப் படித்தே தேறினேன். கவுன்டருக்குப் பின்னால் நின்று என்னைப் போல் தேய்ந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். கிளியூர் ஆரோக்கியம் அண்ணன் ஓய்வுபெற்ற எஸ்டேட் ரைட்டர்; தோட்டத்து ஆட்களின் வருகைக் கணக்கு எழுதியவர். இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தவர். கொழுப்பு மாத்திரையை ஒருநாளும் நிறுத்தக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார்.

மலைக்குள் ஒரு பிரிட்ஜ்

ஒருநாள் விடியற்காலம், நான் வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில், ஒரு டப்பாவோடு வந்தார். கொழுப்பைக் கரைக்கும் 'நல்ல கிருமி' கேப்சூலாம். சேலத்தில் இருக்கும் மச்சான் விற்றது. வாங்கிப் படித்தேன். கெட்ட கொழுப்பு கொஞ்சம் குறைய உதவலாம் என்று அடக்கமாகத்தான் போட்டிருந்தது; டாக்டர் தந்த மாத்திரைக்குப் பதில் என்று எங்கேயும் இல்லை. உயிருள்ள கிருமி, குளிர்ச்சியான இடத்தில் வைக்கவும் என்றும் இருந்தது. எங்கே வைக்கிறீர்கள் என்று கேட்டேன். விறகடுப்புக்கு மேலே இருக்கும் பலகையிலாம்.

"ஏற்காடே பிரிட்ஜுதான் கண்ணு, அதுக்குள்ள இன்னொரு பிரிட்ஜ் எதுக்கு?"

வேலைக்கு வந்த கிருமிகள்

அந்தக் கேப்சூலைப் பிரித்து, கொதிக்கக் கொதிக்கக் கடுங்காப்பியில் கொட்டிக் குடிக்கிறார் என்பது அப்புறம் தெரிந்தது. "காலம்பூரா ஆள் கணக்கு எழுதுனவரு நீங்க. வெந்து போன கிருமிக்கும் ஆஜர் போடுவீங்களா?" என்றேன். கோபப்படவில்லை. உண்மையாகவே யோசித்தார்.

"கோடிக்கணக்குல இருக்குதுங்க கண்ணு. பாதி ஆளு வரலைன்னாலும் எஸ்டேட் ஓடுமில்ல?"

கறியும் இல்லை, மாத்திரையும் இல்லை

ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலம் வந்தது. மாதாமாதம் மாத்திரை வாங்குபவரைக் காணோம். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் வாசலில் பிடித்தேன். நாற்பது நாளும் கறி, மீன், முட்டை தொடுவதில்லையாம். உள்ளே கொழுப்பே போகாதபோது கொழுப்பு மாத்திரை எதற்காம்? கிருமி மட்டும் போதுமாம். கொழுப்பைக் கல்லீரலே உண்டாக்கும், அதற்குத் தவக்காலம் தெரியாது என்றேன். சிரித்தார். பக்கத்தில் நின்ற அவர் மனைவி ஸ்டெல்லா அக்காவிடம், "பெட்டியில இருக்கற தாளையாவது படிக்கச் சொல்லுங்க" என்றேன்.

"அவரு ரைட்டர் கண்ணு. எழுதுவாரு, படிக்க மாட்டாரு."

மலையிறங்கித் திரும்பியவர்

ஈஸ்டருக்கு முந்தைய நாள் அண்ணனுக்கு நெஞ்சை அடைத்தது. ஆம்புலன்ஸ் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி முடியும்வரை அவர் தன் கையை விடவில்லை என்றார் ஸ்டெல்லா அக்கா. சேலத்தில் இரண்டாவது ஸ்டென்ட். கிண்டல் செய்த நேரத்தில் ஒருதரம் கெஞ்சியிருக்கலாமே என்று பல நாள் உறுத்தியது.

ஒரு மாதம் கழித்து அவரே வந்தார். பாதி உடம்புதான் திரும்பியிருந்தது. மாத்திரையை வாங்கி, என் கண்ணெதிரே ஒன்றை விழுங்கினார். மனசு நிறைந்தது. அப்போது பக்கத்தில் குனிந்து கேட்டார்:

"ஏனுங்க கண்ணு, அந்தக் கிருமி உள்ள இருந்ததாலதான் உசுரு தங்குச்சுன்னு மச்சான் சொல்றான், நெசமுங்களா?"

அடைத்த குழாயைத் திறக்க சேலத்தில் டாக்டர்கள் இருக்கிறார்கள். மச்சான் சொல் புகுந்த காதைத் திறக்கத்தான் இன்னும் யாரும் படித்து வரவில்லை.