அடி விழுந்தால் ரீவி நிற்கும்

ஜேர்மனியில், ஸ்டுட்கார்ட் நகரில் பஸ் ஓட்டும் ஜேசுரட்ணத்துக்குக் கல்யாணமே நாற்பத்தைந்து வயதில்தான். ஒரே மகள் மக்டலீனுக்கு இப்போது நாலு வயது. அவளுக்காக மனிதர் ரீவிக்குப் போட்டிருந்த சட்டதிட்டம் இருக்கிறதே, அப்பப்பா! எந்தப் பிள்ளைப் படமானாலும் முதலில் தான் தனியே இருந்து முழுதாகப் பார்ப்பார். ஐம்பது வயது ஆள், மீசையும் தொப்பையுமாகச் சோபாவில் இருந்துகொண்டு, நத்தையும் முயலும் தோட்டம் கொத்துவதைப் புருவம் சுருக்கிப் பரிசோதிப்பார். ஒரு கரடி மற்றக் கரடியைத் தள்ளிவிட்டால் போதும், அந்தப் படம் அன்றோடு சரி. தப்பித்தவறி மகள் பார்க்கும்போது யாராவது கையோங்கினால் உடனே நிறுத்திவிடுவார்.

"அடிக்கிறது கூடாது, குஞ்சு. அடிச்சால் நாங்கள் பாக்கிறேல்லை."

கூட வேலை செய்யும் டெனிஸ்டன் சும்மா விடுவானா? "அண்ணை, உங்கடை பிள்ளை கிண்டர்கார்டனிலை அடி வாங்கிக்கொண்டு வரப்போகுது," என்று நக்கலடிப்பான்.

"வாங்கட்டும். குடுக்காட்டிச் சரி," என்பார் இவர். இலங்கையின் மன்னாரில் சண்டைக் காலத்தில் வளர்ந்தவர். சின்ன வயதில் கண்டதே அவருக்குப் போதும் போதும் என்றிருந்தது. மகளின் கண்ணில் அப்படியொன்றும் படக்கூடாது என்பதில் பிடித்த பிடியாக நின்றார்.

பெரிய வெள்ளி வந்தது. முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் மனைவி பிறேமாவுக்கு அன்று பகல் வேலை. ஒருசந்தி நோன்பிருந்த ஜேசுரட்ணம், மத்தியானம் மகளைப் பக்கத்தில் இருத்தி, யேசுவின் பாடுகளைக் காட்டும் படமொன்றைப் போட்டார். பிள்ளைக்கு ஏற்றதா என்று யோசிக்கவே தோன்றவில்லை. அவர் கணக்கில் அது படமே இல்லையே! ஊரில் அந்த நாளில் கோயில் முற்றத்தில் ரீவி வைத்துச் சனமெல்லாம் அழுதழுது பார்க்கும். முன்வரிசை முழுக்கச் சின்னப்பிள்ளைகள். அது செபம். செபத்துக்கு என்ன தணிக்கை?

கசையடி தொடங்கியதும் அவருக்குக் கண்ணீர் பொலபொலவென்று ஓடியது. நெஞ்சில் தட்டிக்கொண்டார். சிலுவை சுமந்து, விழுந்து, எழும்பி, ஆணியும் அடித்த பிறகுதான் மகள் பக்கம் திரும்பினார். சோபாவில் பிள்ளை இல்லை.

மேசைக்குக் கீழே இருந்தாள். இரண்டு கையாலும் காதைப் பொத்தியிருந்தாள். காற்சட்டை நனைந்திருந்தது. தூக்கப் போனவரைக் கண்டதும் இன்னும் உள்ளே நகர்ந்தாள். ஜேசுரட்ணம் ஓடிப்போய் ரீவியை நிறுத்தினார்.

"குஞ்சு, அப்பாவட்டை வாங்கோ."

"மாட்டன்."

"ஏனம்மா?"

"அவையள் அடிச்சவை. நீங்கள் ஏன் நிப்பாட்டேல்லை?"

"அது யேசப்பா, குஞ்சு. எங்களுக்காகத்தான்..." என்று தொடங்கினார்.

"அவருக்கு நொந்தது. நீங்கள் பாத்துக்கொண்டு இருந்தனீங்கள்."

தொப்பை இடிக்க இடிக்கக் குனிந்து தரையில் இருந்தார். பொத்திப் பொத்தி வளர்த்த பிள்ளையைத் தானே கூப்பிட்டு இருத்தியல்லவா பயப்படுத்திவிட்டார்! வெட்கமாக இருந்தது. அதைவிட, தன்னைக் கண்டு அவள் பின்னால் நகர்ந்தது தாங்க முடியவில்லை.

"அப்பா பிழை விட்டிட்டன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

மக்டலீன் மேசைக்குக் கீழே இருந்தபடியே கையை நீட்டி, சுவரில் மாட்டியிருந்த, சிலுவையில் யேசு தொங்கும் பாடுபட்ட சுரூபத்தைக் காட்டினாள்.

"எனக்கில்லை. அவருக்குச் சொல்லுங்கோ."

ஜேசுரட்ணம் முழங்காலில் நின்றார். எத்தனையோ பெரிய வெள்ளிகளில் அழுதிருக்கிறார்; அழுது முடிந்ததும் எழும்பிப் போய்க் கஞ்சி குடித்திருக்கிறார். இன்றைக்குத்தான் அந்த முகத்தை நேரே பார்க்கக் கூசியது.

"நான் பாத்துக்கொண்டு இருந்திட்டன், ஆண்டவரே," என்றார்.

அவளுக்கு அது போதுமாயிருந்தது. ஊர்ந்து வெளியே வந்து, நனைந்த காற்சட்டையோடே அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.