சுகத்துக்கு ஒரு பூசை

எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில்தான் இருக்கும். ஆனாலும் கோயிலுக்குள் எழுந்து நின்று கத்துவேன் என்று நானே நினைத்ததில்லை.

என் மனுசன் குருநகரிலிருந்து கடலுக்குத் தொழிலுக்குப் போனவர். படகு மட்டும் கரை ஒதுங்கியது. உடல் கிடைக்கவில்லை. கிடைக்காத உடலுக்கு நான் ஏன் அழவேண்டும்? மாதாமாதம் அவருடைய சுகத்துக்காகப் பூசை ஒப்புக்கொடுத்தேன். எங்கள் கோயிலில் பூசைக்கு முன்னர் பெயர்களை வாசிப்பார்கள். முதலில் உயிரோடிருப்பவர்களின் சுகத்துக்கு, பிறகு இறந்தவர்களின் ஆத்தும இளைப்பாற்றிக்கு. அவர் பெயர் சுகத்தோடு வரும்போது சனம் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும். பார்க்கட்டுமே! இளைப்பாற்றிக்கென்று நானே போய்க் கேட்டால், நானே அவரைச் சாகடித்ததாகிவிடாதா? அந்தப் பயம்தான் எனக்கு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் சங்கிலித்தாம், கோயில் காரியங்களைப் பார்க்கிற வயதான மனிதர், என் மனுசனின் பெயரை இறந்தவர்களோடு சேர்த்து வாசித்துவிட்டார்.

"அவர் செத்தவரெண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?" என்று சன்னதம் ஆடிவிட்டேன். பாவம், அந்த மனிதர் மிச்சப் பெயர்களை வாசிக்காமலே இறங்கிப் போய்விட்டார்.

பங்குச் சுவாமி என்னை ஏசவில்லை. கன்னியர் மடத்தில் மனம் நொந்தவர்களுக்கு உளவளத்துணை செய்யும் சிஸ்டரிடம் போகச் சொன்னார். "எனக்கென்ன விசரோ, சுவாமி?" என்று கேட்டுவிட்டுத்தான் போனேன். எல்லாரையும் போல "ஆண்டவரின்ரை சித்தம்" என்று அவரும் தொடங்கினால், எழும்பி வந்துவிடுவது என்று முடிவு. அதைக் கேட்டுக் கேட்டே எனக்குச் செபம் விட்டுப்போயிருந்தது.

சிஸ்டர் அதைச் சொல்லவில்லை. தேத்தண்ணி தந்தார். நான் மீன் விலையைப் பற்றியும் மச்சாளைப் பற்றியும் புறுபுறுத்தேன். எல்லாவற்றையும் கேட்டார். அடுத்தடுத்த கிழமைகளிலும் அதே கதைதான். பிறகு ஒருநாள் கேட்டார்.

"அவர் இப்ப வாசலிலை வந்து நிண்டா முதல்லை என்ன சொல்லுவீங்கள்?"

"வேறை என்ன? நல்லா ஏசுவன்."

"அப்ப ஏசுங்கோவன்." எதிரில் வெறுமையாகக் கிடந்த கதிரையைக் காட்டினார்.

அதற்கு மேலே சுவரில் பாடுபட்ட சுரூபம். "ஆண்டவருக்கு முன்னாலையோ, சிஸ்டர்?"

"சிலுவையிலை தொங்கேக்கை அவரும் தகப்பனைக் கேள்வி கேட்டவர்தானே. அவருக்கு விளங்கும்."

முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு வாய் திறந்துகொண்டது. "காத்து மாறுது, போகாதேங்கோ எண்டு சொன்னனான்தானே? கேட்டனீங்களே? எப்பவும் உங்கடை பிடிதான்! இப்ப என்னைத் தனிய விட்டிட்டுச் செத்துப் போனீங்களே!"

என் வாயாலேயே வந்துவிட்டது. அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் அழுதேனோ தெரியாது. ஆறுதல் என்று எதுவும் சொல்லாமல், சிஸ்டர் என் கையைப் பிடித்தபடி மெதுவாக அருள்நிறை மந்திரம் சொன்னார். பாதியில் நானும் சேர்ந்து சொன்னேன்.

அடுத்த மாதப் பூசைக்குப் பெயர் கொடுக்கப் போனபோது சங்கிலித்தாம் என் முகத்தைப் பார்க்கவே பயந்தார்.

"வழமை போலை சுகத்துக்குத்தானே, பிள்ளை?"

"இல்லை அண்ணை," என்றேன். "நீங்கள் அண்டைக்கு வாசிச்ச மாதிரியே வாசியுங்கோ."