மேல் வீட்டு அக்காவுக்காக ஒரு சுவர்

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு மே மாத மதியம் அது நடந்தது. தில்லி ஜனக்புரியில் நான்கு அடுக்குக் குடியிருப்பு ஒன்றில் நாங்கள் முதல் மாடி. உச்சி மாடியில் ஓர் அக்கா தனியாக இருந்தார். திருநெல்வேலிக்காரர். விமானப்படையில் இருந்த கணவர் காலமான பிறகும் தில்லியை விட்டுப் போகாதவர். எனக்கு அக்கா தங்கை யாரும் கிடையாது. இருந்திருந்தால் இப்படித்தான் இருந்திருக்கும் என்று அவரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். மாதம் ஒருமுறை இருவரும் மெட்ரோ ஏறி ஐ.என்.ஏ. மார்க்கெட் போவோம். நல்லெண்ணெய், அப்பளம், கிடைத்தால் வாழைப்பூ. பேசிப் பேசியே இறங்க வேண்டிய ஸ்டேஷனைக் கோட்டைவிட்ட நாட்களும் உண்டு.

எங்கள் கட்டடத்தின் முன்பக்கச் சுவர் மேற்கே பார்த்தது. வெயில் தாங்காமல், சில வருடங்களுக்கு முன் குடியிருப்போர் சங்கத்தில் சுவர் முழுக்க தெர்மோகோல் பதித்து, அதன்மேல் பளபளக்கும் பேனல் அடித்திருந்தார்கள். பேனல் பார்க்கத்தான் அலுமினியம். இரண்டு மெல்லிய தகடுகளுக்கு நடுவே இருந்தது பிளாஸ்டிக். அது அப்போது எங்கள் யாருக்கும் தெரியாது. கட்டடம் அழகாகிவிட்டது என்று எல்லோருக்கும் பெருமை.

அன்று கீழே மீட்டர் போர்டில் பொறி பறந்து பேனலில் தீ பிடித்துக்கொண்டது. ஏதோ பிளாஸ்டிக் கருகுகிறதே என்று கதவைத் திறந்தால் படிக்கட்டில் கரும்புகை. துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கி ஓடினேன். தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தேன். பேனலுக்கும் சுவருக்கும் இடையில் இருந்த சந்து வழியாகத் தீ புகைபோக்கியில் போவதுபோல விறுவிறுவென்று மேலே ஏறிக்கொண்டிருந்தது. உருகிய பிளாஸ்டிக் எரிந்தபடியே சொட்டியது. அக்காவின் பால்கனி புகையில் மறைந்துவிட்டது.

போன் அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடி மறுபடி அடித்தேன். "அக்கா! அக்கா!" என்று கத்தினேன். தீயணைப்பு வண்டி வந்து தண்ணீர் பீய்ச்ச ஆரம்பித்த பிறகும் அவரைக் காணோம். அப்போது ஒட்டினாற்போல் இருந்த பக்கத்துக் கட்டடத்தின் வாசலில் இருந்து யாரோ செருப்பில்லாமல் வெளியே வருவது தெரிந்தது. அக்காதான். முகமெல்லாம் கரி, தலையில் ஈரத் துண்டு, கையில் தோசைத் திருப்பி. படியில் இறங்க முடியாமல் மொட்டை மாடிக்கு ஏறி, கைப்பிடிச் சுவரைத் தாண்டி அடுத்த கட்டடம் வழியாக வந்திருக்கிறார். தோசைத் திருப்பியை அவர் கையிலிருந்து பிரித்தெடுக்கவே எனக்குச் சற்று நேரம் பிடித்தது. அவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தார்.

யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் அக்கா அதன்பிறகு மேலே போகவே மாட்டேன் என்றுவிட்டார். சில நாள் எங்கள் வீட்டில் இருந்தார். பிறகு கோயம்புத்தூரில் இருந்து மகன் வந்து அழைத்துக்கொண்டு போய்விட்டார்.

மேல் வீட்டில் பூட்டு தொங்கியது. காபி போடும்போது கை தானாக இரண்டு தம்ளர் எடுக்கும். என் கணவர் காபி குடிக்க மாட்டார். மார்க்கெட்டில் அப்பளக் கடைக்காரர், "அக்கா வரலியாம்மா?" என்று கேட்டபோது, "ஊருக்குப் போயிருக்காங்க, வந்துடுவாங்க" என்று சொல்லிவிட்டு வேகமாக நகர்ந்துவிட்டேன்.

எரிந்த பேனலுக்குப் பதிலாகச் சுவரில் என்ன போடுவது என்று குளிர்காலத்தில் சங்கக் கூட்டம் நடந்தது. அதுவரை நான் கூட்டங்களில் வாய் திறந்ததில்லை. செயலாளர் தெர்மோகோல் போன்ற ஒரு நுரைப் பலகையைக் கொண்டுவந்து, இது சீக்கிரம் தீப்பிடிக்காது, ஃபயர் ரிடார்டன்ட் என்றே போட்டிருக்கிறது என்றார். எனக்குக் குழப்பம். அன்று மாலை வீடியோ காலில் அக்காவிடம் சொன்னேன்.

"சீக்கிரம் பிடிக்காதுன்னா என்ன பிள்ள அர்த்தம்? மெதுவா பிடிக்கும்னுதான? எரியுமா எரியாதா, அத மட்டும் கேளு" என்றார்.

"எரியாததா போட்டா வருவீங்களா அக்கா?"

"மொதல்ல போடச் சொல்லு" என்றார்.

எனக்கு அது போதுமாக இருந்தது. அடுத்த கூட்டத்தில் அதே கேள்வியைக் கேட்டேன். சங்கம் அமர்த்தியிருந்த ஆர்க்கிடெக்ட், ஒரு பஞ்சாபிப் பெண், மறைக்காமல் சொன்னார். நுரை வகைகளில் ரசாயனம் கலந்தால் தீ பிடிப்பது தாமதமாகும், அவ்வளவுதான். எரியவே கூடாது என்றால் ராக்வூல் போட வேண்டும். அது கல்லை உருக்கி நூலாக இழுத்துச் செய்கிற பஞ்சு. வெளியே சிமென்ட் பலகை போடலாம். மழைநீர் உள்ளே புகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சந்து வழியாகத் தீ ஏறாதபடி ஒவ்வொரு மாடிக்கும் ஒரு தடுப்பு வைக்க வேண்டும்.

"அரே மேடம்ஜி," என்று செயலாளர் என் பக்கம் திரும்பினார். இதெல்லாம் இருபது மாடி டவர்களுக்குத்தான், நம்முடைய சின்னக் கட்டடத்துக்கு எதற்கு என்றார். பலரும் தலையாட்டினார்கள்.

நான் எழுந்து நின்றேன். அன்றைக்கு நம் கட்டடத்தில் படி இறங்க முடியாமல் போனவர் இருபதாவது மாடியில் இல்லை, இதோ இந்த மாடியில்தான் இருந்தார் என்று மேலே பூட்டிக் கிடந்த வீட்டைக் காட்டினேன். என் ஹிந்தி எப்போதும் சுமார்தான். அன்று பாதி வாக்கியத்தில் தமிழ் வந்துவிட்டது. எல்லோருக்கும் புரிந்தது.

ஆர்க்கிடெக்ட் பூங்காவில் செங்கல் அடுக்கி, நுரையிலும் ராக்வூலிலும் ஒவ்வொரு துண்டை நெருப்பில் காட்டினார். நுரை சுருண்டு கரும்புகை விட்டு எரிந்தது. பஞ்சு ஓரம் சிவந்து அப்படியே கிடந்தது. இது கண்ணுக்குக் காட்டத்தான், முழுச் சுவருக்குமான சோதனைச் சான்றிதழைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும் என்றும் சொன்னார். செயலாளரும் ஒப்புக்கொண்டார். ராக்வூல் முடிவானது.

வேலை நடந்த நாளெல்லாம் அக்காவுக்குப் போட்டோ அனுப்பினேன். ஒவ்வொன்றுக்கும் "நல்லாருக்கு" என்று பதில் வரும். முடிந்ததும், "வாரேன்" என்று எழுதினார். மேல் வீட்டைப் பெருக்கித் துடைத்து வைத்தேன்.

பிப்ரவரியில் வந்தார். பால்கனியில் நின்று சுவரைத் தட்டிப் பார்த்தார். தடவினார். "நல்ல வேல பிள்ள" என்றார். பிறகு உள்ளே போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்தார். வெளியே வந்தபோது அவருக்கு வேர்த்திருந்தது.

"நான் வருவேன்னுதான இவ்வளவு சண்ட போட்ட?"

"ஆமாக்கா."

"சுவர ஒண்ணும் சொல்ல முடியாது. எனக்குத்தான் இந்தக் கதவச் சாத்தினா மூச்சு முட்டுது. என்ன செய்ய, சொல்லு."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். நாலு நாள் எங்கள் வீட்டில் தங்கிவிட்டு, வீட்டை வாடகைக்கு விட ஏற்பாடு செய்துவிட்டுப் போனார்.

இப்போது அங்கே கைக்குழந்தையோடு ஓர் இளம் தமிழ்த் தம்பதி இருக்கிறார்கள். போன கோடையில் அந்தப் பெண், "ஆன்ட்டி, உச்சி மாடின்னு பயந்தோம், ஆனா மதியத்துல கூட ரூம் அவ்ளோ சூடாகல, குழந்தை நல்லா தூங்குது" என்றாள். சந்தோஷமாக இருந்தது. அக்காவை நினைத்துப் போட்ட சுவருக்குள் யாரோ பயமில்லாமல் தூங்குகிறார்கள், அது வீண் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனாலும் படிக்கட்டில் மேலிருந்து யாராவது இறங்கி வரும் சத்தம் கேட்டால், இன்றைக்கும் ஒரு நொடி, அக்காதான் என்று எழுந்துவிடுகிறேன்.