காலியாக விடப்பட்ட கட்டம்

டயர் கடைக்கு மேலே ஓர் அறையில் அத்தை மாலை வகுப்பு எடுக்கிறாள். பள்ளியைப் பாதியில் விட்டவர்கள் வளர்ந்த பிறகு எழுதும் சமநிலைத் தேர்வுக்கான வகுப்பு. கீழே காற்றடிக்கும் இயந்திரம் அலறினால் பேச்சை நிறுத்துவாள். அடங்கியதும் விட்ட சொல்லிலிருந்தே தொடங்குவாள்.

வகுப்புக்கு அறையை இலவசமாகக் கொடுத்திருந்த அரசு அலுவலகம் இந்த வருடம் கேட்டுவிட்டது: இங்கே தேறியவர்களில் எத்தனை பேர் கல்லூரிக்குப் போனார்கள்? சொல்லாவிட்டால் அறையைக் காலி செய்ய வேண்டும்.

நான் கல்லூரிச் சேர்க்கைப் பிரிவில் குமாஸ்தா. அத்தை என் மேசைக்கே வந்துவிட்டாள். கணினியில் தேடினேன். சேர்க்கை விண்ணப்பத்தில் ‘பள்ளியா, சமநிலையா’ என்றொரு கட்டம் உண்டு, விரும்பினால் நிரப்பலாம்.

"ஒருத்தர்கூட நிரப்பல அத்தை."

"பேரை வெச்சுத் தேடுடா."

"அவங்களே எழுதிக் கொடுத்தாத்தான் கணக்குல சேர்க்க முடியும்."

பக்கத்து மேசைப் பெரியவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "கடல்ல பெருங்காயத்தைக் கரைச்சுட்டு வாசனை தேடுறீங்களேம்மா" என்றார். அத்தையும் சிரித்தாள்.

அன்று மாலையே தன்னிடம் படித்துத் தேறியவர்களைப் போனில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். கல்லூரி வாசலை மிதிக்காதவர்கள் எல்லாம் உடனே எடுத்தார்கள், பிள்ளைகுட்டி நலம்வரை பேசினார்கள். போனவர்கள்தான் எடுக்கவில்லை. கடைசியில் ஒருத்தி எடுத்தாள். முன்பு ஆஸ்பத்திரியில் தரை துடைத்தவள், இப்போது மூன்றாம் வருடம் படிக்கிறாள்.

"ஒரு கையெழுத்து போதும்மா."

"டீச்சர், நீங்கதானே சொன்னீங்க, அந்தக் கட்டத்தைத் தொடாதே, ஒரு மாதிரி பாப்பாங்கன்னு? இங்க யாருக்குமே தெரியாது டீச்சர். எப்படிக் கையெழுத்து போடுவேன்?"

அத்தை போனை மறு காதுக்கு மாற்றினாள். "சரிம்மா. நான் கூப்பிடவே இல்லைன்னு வெச்சுக்கோ. பரீட்சைக்குப் படி."

அலுவலகத்துக்குப் பூஜ்யம் போயிற்று. மாதக் கடைசியில் பூட்டு வரும் என்று பதில் வந்தது.

கடைசி வகுப்புக்கு நாற்காலிகளை இறக்க நானும் போயிருந்தேன். அந்த முறை தேறியிருந்த லாரி டிரைவர் கல்லூரி விண்ணப்பத்தை நீட்டி, "இந்தக் கட்டத்துல என்ன போடட்டும் டீச்சர்?" என்றார்.

கீழே இயந்திரம் அலறியது. அத்தை காத்திருந்தாள். அடங்கியதும் சொன்னாள்:

"காலியா விட்டுடுப்பா."