பிடிக்குள் இருந்த துரு

அந்தக் கத்தியை நான் முதலில் பார்த்தபோது அதன்மேல் சந்தனமும் குங்குமமும் இருந்தது. எண்பதுகளின் கடைசி. இரும்புலியூரில் வாடகைக்கு இருந்தோம். வீட்டுக்காரர் வீட்டு ஆயுத பூஜையில் மண்வெட்டி, கடப்பாரை, மொபெட் எல்லாவற்றுக்கும் நடுநாயகமாக அது கிடந்தது. லேசாக வளைந்த, ஒருபக்கம் மட்டும் கூரான ஜப்பான் வாள். அவருடைய அப்பா பட்டாளத்தில் சேர்ந்து பர்மாவுக்குப் போனவர். சரணடைந்த ஜப்பான் அதிகாரி தன் கையிலேயே கொடுத்தது என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாராம். வீட்டுக்காரரின் மச்சான் அதை ஒரு நாளும் நம்பியதில்லை. "பர்மாவாவது கிர்மாவாவது! கெய்வன் பழைய சாமான் கடையில வாங்கியாந்து கத வுட்டுக்கீறான்" என்பார், நாலு பேர் நடுவே. வீட்டுக்காரரின் முகம் சுருங்கிப்போகும்.

நான் அப்போது ஓர் அருங்காட்சியகத்தில் குமாஸ்தா. கோப்பு தைப்பதோடு சரி, ஆனால் அந்தக் கட்டடத்து மிடுக்கு எனக்கும் கொஞ்சம் ஒட்டியிருந்தது. எங்கள் மேலதிகாரிக்குப் பழைய ஆயுதங்கள் அத்துப்படி. அடுத்த வருஷம் பூஜை முடிந்த ஞாயிற்றுக்கிழமை அவரைக் கூட்டி வருவதாக வாக்குக் கொடுத்தேன். வீட்டுக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "எங்கப்பா பொய் சொல்ற ஆள் இல்ல சார். உங்க ஆபீசர் வாயால ஒரு வார்த்த வந்தா போதும்." நானும் மேதாவி மாதிரி, "துருவும் பிசுக்குமா காட்டாதீங்க, நல்லா சுத்தம் பண்ணி வையுங்க" என்றேன்.

பண்ணிவிட்டார். வருஷா வருஷம் போடும் புளியும் செங்கல் தூளும் போதாதென்று, சாணை பிடிப்பவரை வீட்டுக்கே வரவழைத்திருக்கிறார். பிடியிலிருந்த மூங்கில் ஆணியைத் தட்டி எடுத்து, உள்ளே மறைந்திருந்த அடிப்பாகத்தையும் உப்புத்தாள் போட்டு இரண்டு நாள் தேய்த்திருக்கிறார். எவர்சில்வர் டம்ளர் மாதிரி மின்னியது.

மேலதிகாரி கைக்குட்டையால் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்தில் நுனியிலிருந்து அடிவரை பார்த்தார். கூர்ப்பக்கம் நெடுக ஒரு வெண்மங்கல் கோடு ஓட வேண்டுமாம். காய்ச்சித் தண்ணீரில் தோய்த்த கைவேலைக்கு அதுதான் அடையாளம். சாணை அதைத் தின்றிருந்தது. பிறகு பிடியைக் கழற்றினார். "அடடா" என்றார். அங்கேதான் கொல்லன் தன் பெயரை வெட்டுவானாம். அங்கே படிந்த கறுத்த துருவைப் பார்த்துத்தான் இருநூறு வருஷத்துப் பொருளா, நேற்றுச் செய்த போலியா என்று சொல்வார்களாம். அந்தத் துருவை யாரும் தொடவே கூடாதாம். எழுத்து இருந்த இடத்தில் இரண்டு கீறல் மிஞ்சியிருந்தது.

"நல்ல இரும்பு. அசலாவும் இருக்கலாம். ஆனா இனிமே யாராலயும் உறுதியா சொல்ல முடியாது. யாருங்க இதைத் தேய்க்கச் சொன்னது?"

வாசற்படியில் மச்சான் நின்றிருந்தார். வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பவே இல்லை. "நானேதான் சார். எனக்கின்னா தெரியும்" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. மேலதிகாரி முன்னால் முட்டாளாக மனசு வரவில்லை, அவ்வளவுதான். சீ, இப்போது எழுதும்போதும் கூசுகிறது.

இன்றைக்கு யார் வீட்டில் பழைய பொருளைப் பார்த்தாலும் "தேய்க்காதீங்க" என்று முந்திக்கொண்டு சொல்கிறேன். அதனால் வீட்டுக்காரருக்கு என்ன ஆகப்போகிறது?

சேலையூருக்குக் குடிமாறிய பிறகு, தொண்ணூறுகளில் அவர் மகள் கல்யாணத்துக்குப் போனேன். பந்தியில் எதிரே உட்கார்ந்திருந்த மச்சான் ஆரம்பித்தார். "பெரிய ஆபீசரே வந்து பாத்துட்டு டுபாக்கூர்னுட்டாரு. சாரைக் கேளு, அன்னிக்கு அங்கதான் இருந்தாரு." மேலதிகாரி அப்படிச் சொல்லவில்லை என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். வீட்டுக்காரர் ரச வாளியோடு நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் இலையைப் பார்த்தபடி சிரித்தேன். அவர் எனக்கு ரசம் ஊற்றிவிட்டு அடுத்த இலைக்குப் போனார்.